மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த அக்காவுக்கு

என் ரூபி அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. சண்டை போட வீட்டில் ஆள் இல்லாததால் எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும் என்றுதான் இதை நம் சபைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் உன் பேரில் பெண்கள் கூடைப்பந்துப் போட்டி நடத்தினார்கள். மைதான வாசலில் ஆள் உயரத்துக்கு பேனர். அதில் நீ சிரிக்கிறாய். கீழே பெரிய எழுத்தில் ‘தலைசிறந்த மேனேஜர்’ என்று போட்டிருந்தார்கள். மேனேஜராம்! எனக்கு அங்கேயே ரத்தம் கொதித்தது.

மேடையில் எனக்கு ஒரு நாற்காலி, தோளில் ஒரு சால்வை. போட்டியை நடத்திய சற்குணம் சார் மைக்கைப் பிடித்து, “அம்மையாருக்காக எல்லாரும் ரெண்டு நிமிஷம் எழுந்து நிக்கணும்” என்றார். எல்லாரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. பக்கத்தில் நின்ற ஷூ கம்பெனி முதலாளி குனிந்து, “கால் வலியாம்மா?” என்று கேட்டார்.

“இல்ல சார். எங்க அக்காவ உக்கார வச்சவங்களோட சேந்து என்னால நிக்க முடியல.”

அவர் காதில் விழாத மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள். ஆட்டம் நடக்கும்போது ஸ்கோர் ஷீட்டில் கோச் என்று யார் பேர் இருக்கிறதோ அவர் எழுந்து நிற்கலாம், ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி டைம் அவுட் கேட்கலாம். மேனேஜர் உட்கார்ந்தே இருக்க வேண்டும். பெண்கள் டீம் வெளியூர் போனால் கூட ஒரு பொம்பளை போக வேண்டும், அவளுக்குத்தான் மேனேஜர் என்று பேர். தங்கும் அறை பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும், சேஃப்டி பின் வைத்திருப்பதும், பெற்றவர்களுக்குப் பதில் சொல்வதும் அவள் வேலை.

தொண்ணூறுகளில் நீ போகாத ஊர் உண்டா? அரக்கோணத்தில் ஆரம்பித்து கோட்டயம், பெங்களூர், இந்தூர், பிலாய். ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒருவர் வந்து “இந்தத் தடவ நீங்கதான் கோச்” என்பார். நீ பெட்டியைக் கட்டுவாய். போய் இறங்கினால் அங்கே ஒரு ஆண் கழுத்தில் விசிலோடு நிற்பார். காலையும் மாலையும் பயிற்சி கொடுப்பது நீ, பேப்பரில் வருவது அவர் படம். மறுபடி பெட்டி, மறுபடி ரயில். உனக்குக் காலில் சக்கரம் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். எழுந்து நிற்க விடுகிற ஒரு ஊரைத்தான் நீ தேடிக்கொண்டிருந்தாய் என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஒரே ஒரு ஊர் உன்னை நிற்க விட்டது. மாலத்தீவிலிருந்து பக்கத்து வீட்டு நம்பருக்கு போன் பண்ணினாயே, ஞாபகம் இருக்கிறதா? “எஸ்தரு, முழு மேட்சும் நின்னேன்டி. காலு கடுக்குது” என்று சிரித்தாய். சிரித்துக்கொண்டே அழுதாய். அங்கேயே இருந்திருக்கக் கூடாதா? யார் உன்னை ஆம்பூருக்குத் திரும்பி வரச் சொன்னது?

சற்குணம் சார்தான் சொன்னார். ஷூ கம்பெனியில் தையல் பிரிவுப் பெண்களை வைத்து டீம் ஆரம்பிக்கிறோம், நீதான் கோச் என்று கூப்பிட்டார். இத்தனை ஊர் பார்த்த பிறகும் நம்பி வந்தாயே, உன்னை என்ன சொல்வது! முதல் மேட்சிலேயே கோச் இடத்தில் அவர் பேர் இருந்தது. “லேடி மேனேஜர் கம்பல்சரிம்மா. உன்ன உட்டா யாரு இருக்கா?” என்று கேட்டார். அதில் பொய் இல்லை. “ரூபி டீச்சர் கூட போனாதான் அனுப்புவேன்” என்று டீமில் ஆடின மும்தாஜின் அப்பா தெருவில் நின்று சொன்னதை நானே கேட்டேன். நீ இல்லாமல் அந்தப் பெண்கள் ஊர் எல்லையைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர்களை ஆட வைத்தாய். கைக்குட்டையை மடியில் விரித்தால் நிதானமாக ஆட வேண்டும், தோளில் போட்டால் ஆளுக்கு ஆள் நெருக்கிப் பிடிக்க வேண்டும். சற்குணம் சார் கோட்டோரம் நின்று “பாஸ்! பாஸ்!” என்று கத்துவார். அதற்கு மேல் அவருக்கு ஆட்டம் தெரியாது. பெண்கள் எல்லாரும் உன் மடியைத்தான் பார்ப்பார்கள்.

“உனக்கு ரோஷமே இல்லியாக்கா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“உக்காந்தா இன்னாடி? பொண்ணுங்க ஜெயிக்கிறாங்கல்ல?” என்றாய்.

அந்தப் பதிலுக்காக இன்னும் உன்மேல் கோபமாக இருக்கிறேன்.

வேலூர் ஃபைனலுக்கு நான் பாகாயம் ஆஸ்பத்திரியில் டியூட்டி முடித்து, நர்ஸ் யூனிஃபார்மோடு ஓடி வந்திருந்தேன். கடைசி நிமிஷங்களில் பெண்கள் ஓட முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டைம் அவுட் கேட்க வேண்டிய சற்குணம் சார் முன்வரிசையில் விருந்தாளிக்கு பாதாம் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். நீ எழுந்துவிட்டாய்.

“டைம் அவுட் குடுங்க!”

“கோச் கேக்கட்டும்மா. நீங்க உக்காருங்க” என்றார் நடுவர்.

“பொண்ணுங்களுக்கு மூச்சு வாங்குது, கண்ணு தெரியலியா உங்களுக்கு?”

நடுவர் விசில் ஊதினார். மேனேஜர் எழுந்து நின்று கத்தியது குற்றம். எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கிடைத்தது, அதிலேயே தோற்றோம். “மேனேஜரம்மா வாய மூடிக்கினு இருந்திருந்தா கப்பு நம்மளுது” என்று சற்குணம் சார் கம்பெனி முழுக்கச் சொல்லித் திரிந்தார். அவர் ஊற்றின பாதாம் பாலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீ திரும்பவும் பிலாய்க்குப் போனாய். அங்கே விடுதி அறையில் நெஞ்சு வலி வந்து, தனியாகவே போய்விட்டாய். உன் அடக்கத்துக்கு எல்லாரையும் விடப் பெரிய மாலையோடு வந்தவர் யார் தெரியுமா? அவரேதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஃபைனலில் நம் கம்பெனி டீம் ஆடியது. கோட்டோரம் சற்குணம் சாரின் மருமகன் நின்றார். பெஞ்சின் கடைசியில் மும்தாஜ் உட்கார்ந்திருந்தாள். ஆமாம் அக்கா, உன் மும்தாஜ்தான் இப்போது மேனேஜர். மடியில் கைக்குட்டை. விரிக்கிறாள், மடிக்கிறாள், தோளில் போடுகிறாள். “பாத்தியா, ரூபி அக்காவே உக்காந்திருக்க மாதிரி இருக்கு” என்று என் பக்கத்தில் ஒருத்தி கண் கலங்கினாள். நீ விட்டுப்போனது இந்த நாற்காலிதானா?

ஜெயித்தார்கள். கேப்டனுக்குக் கொடுக்கச் சொல்லி உன் பேர் பொறித்த கோப்பையை என் கையில் தந்தார்கள். மைக்கை வாங்கி, “உங்க கோச் யாரும்மா?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் மருமகனைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு பெஞ்சுப் பக்கம் கையை நீட்டி, “மும்தாஜ் அக்கா” என்றாள்.

“அப்போ கோச்னு அவ பேர எழுதுங்க சார். அவ நின்னு ஆட வைக்கட்டும். அன்னைக்கு இந்தக் கப்ப நானே கொண்டாந்து தர்றேன். அதுவரைக்கும் எங்க அக்கா பேரு உங்களுக்குக் கிடையாது.”

“இன்னாம்மா இது, நல்ல நாளும் அதுவுமா பேஜாரு பண்றீங்க” என்று சற்குணம் சார் மைக்கைப் பிடுங்கினார். நான் கோப்பையோடு கீழே இறங்கிவிட்டேன்.

வாசல் வரை மும்தாஜ் பின்னாலேயே ஓடி வந்தாள். “எனக்கு வேலை போய்ட்டா இன்னா பண்றதுக்கா?” என்று கேட்டாள். உன் பழைய பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “நீ சொல்லு, கப்ப இப்பவே திருப்பிக் குடுத்துடறேன்” என்றேன். அவள் கோப்பையில் உன் பேரை விரலால் தடவினாள். பிறகு, “எடுத்துட்டுப் போங்கக்கா” என்றாள்.

கோப்பை இப்போது டிவிக்கு மேலே, உன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேற்று சற்குணம் சார் வந்தார். கப்பு இல்லாமல் டீம் போட்டோ எடுக்க முடியவில்லையாம். மும்தாஜ் பேர் எழுதியாச்சா என்று கேட்டேன். “பாக்கலாம்மா” என்றார். அவரை நான் உட்காரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போனார்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன் அக்கா. மும்தாஜ் கோட்டோரம் எழுந்து நிற்கிற அன்றைக்கு, உனக்காக நானும் எழுந்து நிற்பேன். அதுவரை எந்த மேடையில் யார் சொன்னாலும் எழ மாட்டேன்.

கோபம் குறையாத உன் கூடப்பிறந்தவள்,
எஸ்தர்