அப்பாவின் மீசையில் பச்சை வெளிச்சம்

பீஸ்டன், நாட்டிங்ஹாம்
திங்கள் மாலை

அன்புள்ள பெத்,

இங்கே மூவரும் நலம், பூனையும் நலம். லிஸ்பனில் நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

உன் பெட்டியை நான் விற்கவில்லை. விற்கப்போவதும் இல்லை.

கோபப்படாமல் முழுவதும் படி. மினியேச்சர் பொம்மைகள், பெயிண்ட், பிரஷ் எல்லாவற்றையும் பெயிண்டிங் கிளப்பில் யாருக்காவது தள்ளிவிடு, இனிமேல் அந்தப் பக்கமே திரும்பமாட்டேன் என்று நீ எழுதியிருந்தாய். சரி, அவள் பொருள், அவள் முடிவு என்று நானும் பெட்டியைத் திறந்து பிரித்து வைக்க உட்கார்ந்தேன். அங்கேதான் முதல் சந்தேகம் வந்தது. ஃப்ளோரசன்ட் பெயிண்டை இரண்டு வருடம் யாரும் அசைக்காமல் வைத்திருந்தால் என்ன ஆகும்? நிறமெல்லாம் அடியில் மண்டியாக இறுகி, மேலே வெறும் தண்ணீர் நிற்க வேண்டும். பெட்டியிலிருந்த மற்ற குப்பிகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. ஆரஞ்சும் பச்சையும் மட்டும் நேற்றுக் குலுக்கியதுபோல ஒரே சீராக இருந்தன. ஆரஞ்சு குப்பியில் பாதிக்குமேல் காலி. நீ கிளம்பும்போது அது புதுசு, மூடியின் வளையத்தை நான்தான் பல்லால் கடித்து உடைத்தேன்.

அம்மாவைக் கேட்டேன். "எனக்கென்னடா தெரியும், நான் தூசி தட்டுறதோட சரி" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்த் தனியாகச் சிரித்தாள். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது பூனைக்கு வருகிறேன். பிக்கில்ஸ் மறுபடி கம்பளத்தில் மூத்திரம் போக ஆரம்பித்துவிட்டது. எங்கே என்று தெரியவில்லை, நாற்றம் மட்டும் வீடு முழுக்க. விளக்குச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து வேறென்ன பயன் என்று ஆபீசிலிருந்து ஒரு புறஊதா டார்ச் வாங்கிவந்தேன். அந்த வெளிச்சத்தில் பூனை மூத்திரம் பளிச்சென்று தெரியும். டீ குடித்து முடித்ததும் திரையை இழுத்து, விளக்கை அணைத்துவிட்டு நான் முட்டி போட்டுத் தேட ஆரம்பித்தேன். அப்பா வழக்கம்போலத் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, டிவி தெரியவில்லை என்று முனகிக்கொண்டிருந்தார்.

முதலில் பிக்கில்ஸ் வந்து டார்ச் முன்னால் நின்றது. அதன் தலையில் பச்சையாக விரல் தடங்கள். யாரோ தடவிக் கொடுத்ததுபோல. எனக்கு ஒன்றும் புரியவில்லை. டார்ச்சை நகர்த்தினேன். டிவி ரிமோட்டில் பச்சைக் கட்டைவிரல். அப்பாவின் டீக் கோப்பை விளிம்பில் ஆரஞ்சு உதடு. கையை உயர்த்தினேன். பெத், நான் சத்தியமாகச் சொல்கிறேன், அலறிவிட்டேன். இருட்டில் அப்பாவின் வாய் எரிந்துகொண்டிருந்தது! உதடு, நாக்கு நுனி எல்லாம் சாலையில் வைக்கிற கூம்பு மாதிரி ஆரஞ்சு. மீசையின் இடது ஓரம் பச்சை.

பல் சாதாரணமாகவே அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் நீலமாக மின்னும், அது இயற்கை. ஆனால் எந்த மனுஷனுக்கும் நாக்கு ஆரஞ்சாக எரியாது. உன் ஃப்ளோரசன்ட் பெயிண்ட்தான் அப்படி எரியும். அந்த வண்ணம் வாய்க்குள் போக ஒரே வழிதான் உண்டு. பிரஷ் முனையைக் கூர்மையாக்க உதட்டில் வைத்து உருட்டுகிற அந்தக் கேவலமான பழக்கம். உன் பழக்கம். உன் கிளப்பில் பாதிப் பேரின் பழக்கம்.

"என்னடா அப்படிப் பாக்குற? பூனை என் வாயிலயா போயிருக்கு?" என்றார் அப்பா.

"அப்பா, உங்க வாய் எரியுது" என்றேன்.

"டீ சூடா இருந்துச்சு" என்றார். அம்மாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. சோபாவில் சரிந்து விழுந்து சிரித்தாள். "கிளைவ், சொல்லித் தொலைங்களேன். தலையணை உறையெல்லாம் ஆரஞ்சு, துவைச்சுத் துவைச்சு என் கை போச்சு" என்றாள். அப்பா எழுந்து விளக்கைப் போட்டார். வாயைத் துடைத்தார். பிறகு கராஜ் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

கராஜில், அவருடைய டிராம் ஓட்டுநர் சீருடை தொங்குமே அந்த மூலையில், ஒரு மேசை. மேலே விளக்கு, பூதக்கண்ணாடி. பாட்டில் மூடிகள்மேல் வரிசையாக ஒட்டி நிறுத்திய மினியேச்சர்கள். எல்லாம் மலிவான பிளாஸ்டிக் உருவங்கள், அவரே வாங்கியவை. உன்னுடையது ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. உன் பெயிண்டை மட்டும்தான் எடுத்திருக்கிறார். "தீந்தா வாங்கி வெச்சிடலாம்னு இருந்தேன்" என்றார்.

முதல் வரிசை கண்றாவி. மறைத்துச் சொல்லி என்ன பயன்? கறுப்பு அடிப்பூச்சின்மேல் நேராக ஃப்ளோரசன்டைப் போட்டிருக்கிறார். அந்த வண்ணத்துக்கு அடியில் வெள்ளை இல்லாவிட்டால் உயிரே வராது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சேறு மாதிரி தெரிந்ததும், போதவில்லை போல என்று மேலே மேலே பூசி, கடைசியில் உருவத்துக்கு முகமே இல்லை, கஸ்டர்டில் முக்கியெடுத்த மாதிரி ஒரு கட்டி. இரண்டாவது வரிசையில் வெள்ளையைக் கண்டுபிடித்துவிட்டார். அதில் வேறு கோளாறு. உருவம் முன்னால் விளக்கைப் பிடித்திருக்கிறது, வெளிச்சமோ முதுகிலும் அடிக்கிறது! மேலங்கியின் பின்பக்கம் முழுக்கப் பச்சை. ஏன் என்று கேட்டேன். "விளக்குன்னா எல்லாப் பக்கமும்தானே எரியும்?" என்கிறார். டிராமின் முன்விளக்கு உங்கள் முதுகிலா அடிக்கிறது என்றேன். உருவத்தைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார். "அதை முதல்லயே சொல்ல ஒரு ஆள் இல்லாம போச்சே" என்றார்.

கடைசியில் தனியாக ஒன்று நின்றது. தவளைக் கால் படகுக்காரன், கூன் முதுகு, இடுப்புக்குக் கீழே தொங்கவிட்ட கையில் ஒரு விளக்கு. நான் குனிந்து பார்த்தேன். பெத், அவருக்குக் கிடைத்துவிட்டது! விளக்கின் கண்ணாடி கிட்டத்தட்ட வெள்ளை, அதைச் சுற்றி மஞ்சள், பிறகு பச்சை, அங்கிருந்து மெல்ல மெல்லச் செத்து இருட்டாகிறது. தாடையின் அடிப்பக்கம் எரிகிறது, நெற்றி இருட்டு. மூக்கின் நிழல் மேல்நோக்கிப் போகிறது. மேல்நோக்கி! சுற்றியிருக்கிற எல்லாவற்றையும் அழுக்கு நீலத்தில் அடக்கி வைத்திருக்கிறார், அதனால்தான் விளக்கு கத்துகிறது. மேசை விளக்கை நான் அணைத்தே பார்த்தேன், உள்ளே பேட்டரி கீட்டரி வைத்திருக்கிறாரோ என்று. வெளிச்சத்தை அளப்பதுதான் என் பிழைப்பு. நானே ஏமாந்தேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் தோற்றிருக்கிறார். விளக்கைப் பிடித்திருக்கும் விரல்கள். வெளிச்சம் விரல்களுக்கு நடுவே எப்படிக் கசியும், எந்த விரல் மறைக்கும், எந்த ஓரம் எரியும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. சுரண்டிச் சுரண்டித் திரும்பப் பூசி விரல்களே தேய்ந்துபோயிருக்கின்றன.

நான் விடுவேனா? சனிக்கிழமை உன் கிளப்பின் போட்டி, அதே சர்ச் ஹாலில். தவளையை நான்தான் பிடுங்கிக்கொண்டு போனேன். அப்பா "அசிங்கப்படுத்தாதடா" என்று பின்னாலேயே வந்தார். அங்கே மேசையில் பெயர் வைப்பதில்லை, எண் மட்டும்தான் என்று தெரிந்ததும் கொஞ்சம் மூச்சு விட்டார். ஆனால் தவளையைவிட்டு அந்தண்டை நகரவில்லை. வந்தவர் போனவரெல்லாம் "நீங்க இதுக்குக் காவலா?" என்று கேட்டார்கள்.

இந்த வருடம் நடுவர் உன் சிநேகிதி ஹர்ஜித். அவள் எப்படி என்று உனக்கே தெரியும், குறையை வாய்விட்டுச் சொல்லாமல் அடுத்த எண்ணுக்குப் போகமாட்டாள். மூடியைப் பிடித்துத் தவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கு நிழலைப் பார்த்ததும் விசிலே அடித்தாள். எனக்குத் துள்ள வேண்டும்போல் இருந்தது. பிறகு கையைப் பார்த்தாள். "அட லூசு, முகத்தை இப்படிப் பண்ணிட்டு கையை ஏன்யா கொன்னு போட்டே? தெரியலன்னா தெரிஞ்சவங்க யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று எண் அட்டையைப் பார்த்துத் திட்டினாள்.

பக்கத்தில் நின்ற அப்பா, அவர் பாட்டுக்கு, "தெரிஞ்ச ஆளு ஊர்ல இல்ல" என்றார்.

ஹர்ஜித் நிமிர்ந்தாள். அப்பாவை அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நம் வீட்டு கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் அவளும் இருந்தாளே. பேங்க் வேலையை விட்டுவிட்டு இனி பெயிண்டிங்தான் என்று நீ சொன்னதும், அத்தனை பேர் முன்னால் "முப்பது வயசுல பொம்மைக்குக் கண்ணு வரையப் போறாளாம்" என்று அப்பா சிரித்தபோது, அவள் உன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். நீ தட்டை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போனாய், அங்கிருந்து லிஸ்பனுக்கு. அதற்குப் பிறகு அவர் குரலையே நீ கேட்கவில்லை.

"போன்னு ஒண்ணு இருக்கே, கிளைவ்" என்றாள் ஹர்ஜித்.

"இருக்கு. அவ எடுக்கணுமே" என்றார் அப்பா.

அவள் தவளையை மேசையில் திரும்ப வைத்தாள். பரிசு தரவில்லை. கை அப்படி இருக்கும்போது தரவும் கூடாது, நானே நடுவராக இருந்தாலும் தந்திருக்கமாட்டேன். போகும்போது மட்டும் என் காதில், "உங்கப்பா வாயைக் கழுவச் சொல்லு, உதடு இங்கயே மினுங்குது" என்றாள். அப்பாவிடம் சொன்னேன். பெருமையாகத் துடைத்துக்கொண்டார். பெயிண்டில் விஷமில்லை என்று குப்பியில் போட்டிருக்கிறது, இருந்தாலும் நாக்கில் வைக்காதீர்கள் என்று சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். "அவ அப்படித்தானே பண்ணுவா" என்கிறார். எங்கேயிருந்து பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. நீ ராத்திரி ராத்திரியாக மாடியில் உட்கார்ந்து பெயிண்ட் அடித்த வருடங்களில் அவர் உன் அறைக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை.

அம்மாவின் உடம்புக்கு ஒன்றுமில்லை. முட்டிவலி மட்டும், டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், அவள் நடக்கவில்லை. பின்வாசல் கூரை ஒழுகுகிறது. கூஸ் ஃபேர் திருவிழாவில் ஒரு கிண்ணம் பட்டாணி விலையைக் கேட்டால் நீ லிஸ்பனிலேயே இருந்துவிடுவாய்.

விரல் விஷயத்தை நானே தீர்த்துவைக்கப் பார்த்தேன். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்கு என்று ஆரம்பித்து, விளக்கு, விரல், கோணம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து அச்செடுத்துக் கொடுத்தேன். துல்லியமான வேலை. அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து என் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தார். "இது உன் கணக்குடா. சரியாத்தான் இருக்கும். எனக்கு அவ கை எப்படிப் போகும்னு தெரியணும்" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கோணம் கோணம்தானே, அதில் உன் கை என்ன, என் கை என்ன? ஆனால் இனிமேல் அவர் என்னிடம் கேட்கமாட்டார் என்பது மட்டும் புரிந்தது.

ஆகவே கேள். வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் ரோஸ்ட் இறைச்சி சாப்பிட்டு முடித்ததும் அவர் உன்னைக் கூப்பிடப்போகிறார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்க்காதே, அந்த வார்த்தைகள் அவர் வாயில் வராது. உன் வேலை என்ன ஆச்சு, எப்போது வருகிறாய் என்றும் கேட்கத் தெரியாது. விரலைப் பற்றித்தான் கேட்பார். நீயும் விரலைப் பற்றி மட்டும் சொல். எந்த ஓரத்தில் மஞ்சள், எங்கே பச்சை, எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அப்புறம். அதன்பிறகும் பெட்டியை விற்றே ஆகவேண்டும் என்று உனக்குத் தோன்றினால் எழுது, மறுநாளே நானே தூக்கிக்கொண்டு போகிறேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனால் அதுவரைக்கும் அது கராஜில், அவர் மேசைக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்கிறது. யாரும் கூட இல்லை, ஒத்திகை பார்க்கிறார். "பெத், அப்பா பேசுறேன்மா. ஒரு டெக்னிக்கல் சந்தேகம்." அதற்குமேல் போகமாட்டேன் என்கிறது. இருமுகிறார். மறுபடி முதலிலிருந்து, "பெத், அப்பா பேசுறேன்மா."

கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். போனை எடு.

உன் தம்பி,
கீரன்