கார்த்திகை ஒன்றாம் தேதி ஸ்கேன்

நவ. 12, புதன்

காலையிலிருந்து தூறல். திருமங்கலம் பஸ்ஸில் நின்றுகொண்டே பள்ளிக்கூடம். இரண்டாம் பீரியடில் வாந்தி. மெட்பார்மின் வேலையைக் காட்டுகிறது. சாப்பிட்ட பிறகுதான் போடுகிறேன், அப்படியும்.

அத்தைக்கு (இவருடைய அம்மா) இன்னும் புரியவில்லை. “சர்க்கரை இல்லாதவ சர்க்கரை மாத்திரை எதுக்குத்தா திங்குற?” நீர்க்கட்டிக்கும் இதைத்தான் கொடுப்பார்கள் என்று எத்தனை தடவை சொல்வது. முன்பு முட்டை வளர லெட்ரோசோல் மட்டும் கொடுத்தார்கள். ஒன்றும் வளரவில்லை. இப்போதுதான் இரண்டும் சேர்த்து. டாக்டரம்மா, “ரெண்டும் சேர்ந்தா கேக்கும்னு நினைக்கிறேன், பாப்போம்” என்றார்.

திங்கள் ஸ்கேன். அரை நாள் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். தோசை மாவு. நீலப் புடவை அயர்னுக்கு.

நவ. 15, சனி

வெயில் வந்துவிட்டது. துணி எல்லாம் காய்ந்தது, அதுவே பெரிய நிம்மதி.

இவர் கடையிலிருந்து சீக்கிரம் வந்தார். காளவாசலில் மொபைல் கடை வைத்திருக்கிறவர் சனிக்கிழமை சீக்கிரம் வந்தால் அதிசயம்தான். திங்கட்கிழமை ஸ்கேனுக்குக் கூட வர வேண்டும் என்றேன். “கோயிலுக்குப் போயிட்டு நேரா அங்க வாரேன்” என்றார். சந்தோஷமாக இருந்தது. நல்ல காரியத்துக்கு முன்னால் சாமி கும்பிட்டுவிட்டு வரட்டுமே.

நவ. 17, திங்கள். கார்த்திகை 1

வளர்ந்திருக்கிறது!! இடது பக்கம், ஒன்றே ஒன்று. டாக்டரம்மா ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். எனக்குக் கறுப்பு வட்டம்தான் தெரிந்தது, அழுகை வந்துவிட்டது. முட்டை வெடிக்க ஊசி. “வீட்டுக்காரர் ஊர்லதான இருக்காரு?” “இருக்காரும்மா.” “அப்ப இன்னைக்கு, நாளைக்கு, நாளன்னைக்கு. தள்ளிப் போடாதீங்க.”

இவர் வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

ஹாலில் கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் துளசி மாலை. சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரில் அத்தை, கையெடுத்துக் கும்பிட்டபடி.

பையை வைக்கக்கூடத் தோன்றவில்லை.

“புள்ளை வரம் கேட்டு வேண்டிக்கிட்டேன், கவிதா.”

“புள்ளை எப்படிங்க வரும்? ஒரு மண்டலம் விரதம் இருப்பீங்களே, பக்கத்துலயே வர மாட்டீங்களே.”

அத்தை காதைப் பொத்திக்கொண்டார். “மாலை போட்ட வீட்டுல என்ன பேச்சு இது?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“சொன்னா நீ தடுத்திருப்ப.”

தெரிந்தேதான் செய்திருக்கிறார். தெரிந்தேதான்.

நவ. 18, செவ்வாய்

அடிவயிற்றில் இடது பக்கம் சுருக் சுருக்கென்று. ஊசி வேலை செய்கிறது. பாய், தலையணை எல்லாம் ஹாலுக்குப் போய்விட்டன.

நாத்தனார் போன். “மதினி, உங்களுக்குத் தெரியாதா? தீபாவளிக்கே அண்ணன் சொல்லிருச்சே. வேட்டி எடுக்க நானும்தான் கூடப் போனேன்.” ஆக, ஊருக்கே தெரியும். நான் வாயைக் கட்டி மாத்திரை முழுங்கிய நாளெல்லாம் பீரோவில் கறுப்பு வேட்டி இருந்திருக்கிறது.

மாலையைக் கழட்டுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எனக்கும் பயம்தான். நாளைக்கு இவருக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் நான்தான் காரணம் என்பார்கள். பிள்ளை இல்லாததற்கும் நான், சாமி குத்தத்துக்கும் நான். எம்புட்டைத்தான் தூக்குவது.

நவ. 20, வியாழன்

நாள் முடிந்தது. முட்டை போயிருக்கும்.

வீட்டில் சாமிமார்களுக்குச் சாப்பாடு. விடியுமுன் தலைக்குக் குளித்து, வெங்காயம் இல்லாமல் சாம்பார், கூட்டு, பாயசம். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டு, “மாதாஜி கைப்பக்குவம் அருமை” என்றார்கள். மாதாஜியாம். பாயசத்தில் உப்பை அள்ளிப் போட்டிருக்க வேண்டும்.

டிச. 2, செவ்வாய்

மழை. காலையில் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்.

அத்தை பார்த்த உடனேயே, “விலக்கா? விரதம் கெட்டுரும்த்தா, உங்கம்மா வீட்டுக்குப் போயிரு.” இவர் குனிந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டி.கல்லுப்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, சுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

டிச. 4, வியாழன்

லெட்ரோசோல் ஆரம்பிக்க வேண்டிய நாள். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். இந்த மாதமும் மாலைதான் என்றேன். “அப்ப அது வேணாம். மெட்பார்மினை மட்டும் விடாதீங்க” என்றார்.

சாயங்காலம் இவர் போன். சாப்பிட்டியா, மழையா. இந்த மாசம் முட்டை மாத்திரை கிடையாது என்று சொன்னேன்.

“நல்லதாப் போச்சு” என்றார்.

என்ன நல்லது என்றேன். “இல்ல கவிதா, இன்னைக்கு, நாளைக்குன்னு டாக்டர் நாள் குறிச்சுக் குடுக்கும்போது எனக்குப் பயமா இருக்கு. என்னால ஆகாமப் போயிட்டா? மாலை போட்டுட்டா யாரும் கேக்க மாட்டாங்கல்ல” என்றார்.

வாந்தி எடுத்தது நான். ஊசி போட்டுக்கொண்டது நான். பயந்தது இவராம்.