சத்தம் வராத டப்பா

நைனா,

இன்று காலை நாஷ்டா முடித்துவிட்டு மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்தேன். வழக்கம்போல் காதோரம் வைத்துக் குலுக்கினேன். சத்தம் இல்லை. நீ திணித்துவைத்த பஞ்சு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மாத்திரை மாறிக்கொண்டே வருகிறது, பஞ்சை மட்டும் நான் மாற்றவில்லை. கொஞ்சம் மஞ்சளடித்துவிட்டது. முகர்ந்தால் மருந்து வாசனைக்கு அடியில் உன் கம்பெனி கிரீஸ் வாசனை வருகிறது. கிரீஸாவது வாசனையாவது என்று நீ சிரிப்பாய். சரி, பொய்தான். ஆனால் எனக்கு வருகிறது.

ஆரம்பாக்கம் பக்கத்து ஆள் நீ. பார்க்கிறவரை எல்லாம் நைனா என்பாய். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. நான் ஒன்பதாவதைத் தாண்டாதவன் என்பது உனக்குத் தெரியும். திருப்பாச்சூரில் கேட்டால் பி.ஏ. என்பார்கள். சொல்லிவைத்தது நான்தான். ஏன் கல்யாணம் கட்டவில்லை என்று கேட்டால், பெண் பார்க்கப் போன ஊரிலெல்லாம் பெண்கள் எனக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள், ஒருத்தியைக் கட்டி மற்றவர்களை அழவைக்க மனசு வரவில்லை என்பேன். தங்கச்சி வீட்டில் இன்றைக்கும் இந்தக் கதைதான் ஓடுகிறது. ஆம்பளைகள் ஆம்பளைகளைத் தேடுகிற ஆப் என் போனில் இருந்ததை இந்த ஜில்லாவில் உன்னிடம் மட்டும்தான் ஒப்புக்கொண்டேன்.

அந்த ஆப்பைப் பட்டணத்தில் திறந்தால் முகம் முகமாகக் கொட்டுமாம். எங்கள் ஊரில் திறந்தால் தலையில்லாத உடம்புகள், ஒரு ஏரி, ஒரு புல்லட் வண்டி. ஒவ்வொன்றுக்கும் கீழே எவ்வளவு தூரம் என்று போட்டிருக்கும். ஒரு நாள் சட்டையில்லாத ஒரு உடம்புக்குப் பின்னால் காலண்டர் ஒன்று தெரிந்தது. எங்கள் ஊர் உரக்கடைக் காலண்டர். தூரத்தைப் பார்த்தால் கூப்பிடு தூரம். போனை அணைத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, தெருப் பக்கமே போகாமல் வயல் வழியாக வீட்டுக்கு வந்தேன். அவனும் என்னைப் பார்த்து அதே மாதிரி ஓடியிருப்பான்.

நான் என் வயதை முப்பத்தைந்து என்று போட்டிருந்தேன். தொழில், பிசினஸ். மற்றவர்கள் எடம் இருக்கா, ஊடு காலியா என்று கேட்பார்கள். நீ கேட்டது வேறு. 'டெஸ்ட் எடுத்திருக்கியா?' நான் விடுவேனா? மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரி, மாசா மாசம் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்க்கிறார்கள், பெரிய டாக்டரே என்னோடு படித்தவர் என்று எழுதினேன்.

சோழவரம் ஏரிக்கரை டீக்கடையில் சந்தித்தோம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"முப்பத்தஞ்சுன்னு போட்டுகினு கீற?"

"வெயில்ல நின்னதால அப்டித் தெரியுது."

"எந்த வெயிலு நைனா? பதினஞ்சு வருசமா அடிக்கிற வெயிலா?"

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். நீ குரலைத் தாழ்த்தினாய்.

"அந்தப் பெரியாஸ்பத்திரி ரிப்போர்ட்டு?"

"ஊட்ல கீது."

"ஊட்ல வேற இன்னா கீது? ஏரோப்ளேன் கீதா?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு சிரித்த பிறகு மற்றது நடக்காது நைனா என்றாய். நடக்கவும் இல்லை. சிநேகிதம் மட்டும்தான் மிஞ்சியது. அதைவிடப் பெரிதாக எதுவும் எனக்கு அதுவரை அமைந்ததில்லை. இதில் நான் எதையும் கூட்டவில்லை.

அப்போதே எனக்குச் சொல்லக் கூசும் இடத்தில் புண் இருந்தது. திருவள்ளூரில் மருந்து வாங்கினால் தெரிந்துபோகும் என்று ஆர்.கே.பேட்டை வரைக்கும் பஸ் ஏறிப் போயிருந்தேன். புண் எனக்கில்லை, ஒரு லாரி டிரைவருக்கு என்று மெடிக்கல்காரரிடம் சொன்னேன். அந்த டிரைவருக்குப் பெயர் வைத்தேன், ஊர் வைத்தேன், இரண்டு பெண்டாட்டிகளைக் கட்டிவைத்தேன். படர்தாமரைக் களிம்பு கொடுத்து அனுப்பினார். இதை நான் உன்னிடம் தமாஷாகத்தான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை.

"டிரைவருக்குக் களிம்பு வாங்கிட்ட. உனக்கு இன்னா வாங்கின?"

மறு வாரம் உன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, கும்மிடிப்பூண்டி பக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நம்பிக்கை மையம் என்று போர்டு, எச்.ஐ.வி. சோதனை செய்கிற இடம். அந்தப் போர்டுக்குக் கீழே நிற்கவே கால் கூசியது. உள்ளே இருந்த மேடம், தொடர்பு பெண்களோடா, ஆண்களோடா, இரண்டுமா என்று காப்பியா டீயா என்கிற மாதிரி கேட்டார். வாழ்நாள் முழுக்க ஊருக்கு ஒரு பெண் என்று அளந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. 'ஆம்பளைங்க' என்று மேசைக் காலைப் பார்த்துச் சொன்னேன். அந்தம்மா எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். உறை போடுவீங்களா? எப்பவாவது என்றேன். அதுவும் கூட்டிச் சொன்னதுதான்.

எச்.ஐ.வி. இருக்கிறது என்றார்கள். புண்ணுக்கு ஊசி போட்டார்கள். மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்கு அடங்கிவிடும், அப்படியே அடங்கி இருந்தால் கூடப் படுக்கிறவருக்கும் ஒட்டாது, எல்லாரையும் போல இருக்கலாம் என்று அந்தம்மா பொறுமையாகச் சொன்னார். எனக்குப் பாதி காதில் விழவில்லை. வெளியே நீ வேப்பமரத்தடியில் வண்டி மேல் உட்கார்ந்திருந்தாய். அங்கேயும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒண்ணும் இல்ல. ரத்தம் சிங்கம் மாதிரி கீதுன்றாங்க."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு என் தோளில் கை போட்டுக் கடைப் பக்கம் திருப்பினாய்.

"சிங்கம் டீ குடிக்குமா?"

டீயைப் பாதி குடித்தபின், "மாத்திரை எப்ப குடுக்கறாங்க?" என்றாய். நான் அழுதேன். நீ கடைக்காரருக்கு முதுகைக் காட்டி எனக்கு மறைப்பாக நின்றுகொண்டாய்.

மாத்திரை வாங்கிவந்த முதல் நாளே டப்பா பஸ்ஸில் கலகலவென்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கச்சி புருஷன் கேட்டார். "இன்னா மச்சான் அது?"

வேறு எவனாவது கால்சியம் என்றிருப்பான். நான் சிங்கப்பூரிலிருந்து வந்த சத்து மாத்திரை என்றேன். அங்கே பயில்வான்கள் சாப்பிடுவது, இங்கே மந்திரிகளுக்கே கிடைக்காது என்றேன். மாப்பிள்ளை விடவில்லை. "எனக்கும் ரெண்டு குடு மச்சான், இடுப்பு புடிச்சிகினு கீது." சொன்ன சொல்லுக்குக் கௌரவம் இருக்கிறதே! கொடுத்துவிட்டேன். அவர் தன் அண்ணனுக்கும் கேட்டார். மாசக் கடைசியில் எனக்கே இல்லாமல் போனது.

நீ அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "நீ சாவறதுக்கு இன்னாத்துக்குயா என்ன பேஜாரு பண்ற?" என்று நடுரோட்டில் கத்தினாய். பிறகு நீயே மெடிக்கலுக்குப் போய் நிஜமான சத்து மாத்திரை ஒரு டப்பா வாங்கிவந்தாய். "கேக்கறவனுக்கெல்லாம் சிங்கப்பூர இதுலேர்ந்து குடு. உன்னுத தொடாத." என் டப்பாவில் பஞ்சு திணித்தாய். இன்னொரு டப்பாவிலும் பஞ்சு வைத்து, என் மாத்திரையில் கொஞ்சத்தைப் போட்டு உன் பையில் வைத்துக்கொண்டாய். "நீ கத பேச உக்காந்தா பஸ்ஸையும் வுட்ருவ, மாத்திரையும் வுட்ருவ. என்கிட்ட கொஞ்சம் கெடக்கட்டும்."

மாப்பிள்ளைக்கு இப்போது இடுப்பு வலி இல்லை. சிங்கப்பூர் சரக்கு சிங்கப்பூர் சரக்குதான் என்கிறார்.

அப்புறம் ஒரு நாள் நான் அனுப்பிய செய்திக்கு ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. மறுநாளும், இரண்டு வாரம் கழித்தும் அப்படியே. ஆப்பில் உன் படம், ஹெல்மெட் பிடித்த கை, மங்கிப்போய்க் கிடந்தது. உனக்கு ஒன்று என்றால் எனக்குச் சொல்லியனுப்ப ஆள் ஏது? யாருக்கும் என்னைத் தெரியாது. செங்குன்றத்தில் பஸ் மாறி உன் கம்பெனி வாசலுக்கு வந்தேன். "அந்த ஃபிட்டரா? ஹைவேஸ்ல லாரி தூக்கிருச்சு சார். காரியமே முடிஞ்சிருக்கும்," என்றார் வாட்ச்மேன்.

உன் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். உன் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டார். "நீங்க யாரு?" என்றார். திருப்பாச்சூர் பக்கம் நீ நிலம் பார்க்க வந்தாய், அந்தப் பழக்கம் என்றேன். அவர் உள்ளே போய் இந்த டப்பாவோடு வந்தார்.

"தம்பி பையில இருந்துச்சு. மெடிக்கல்ல காட்டினா எச்.ஐ.வி. மாத்திரைன்றான். எங்கம்மா அவன் சாப்ட்ட தட்ட எடுத்துத் தனியா கவுத்து வெச்சிகினு அழுவுது. உங்களுக்குத் தெரியுமா சார்? அவனுக்கு இருந்துச்சா?"

நைனா, கதைகள் எல்லாம் வரிசை கட்டிக்கொண்டு வந்தன. சிங்கப்பூர் வந்தது. லாரி டிரைவர்கூட இரண்டு பெண்டாட்டிகளோடு வந்து நின்றான். யார் காதிலாவது விழுகிறதா என்று நான் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தேன். அப்படிப் பார்த்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு குறுகுகிறது.

"அது என்னுது," என்றேன். "அவருக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான். நான் மறந்துருவேன்னு கொஞ்சம் வெச்சிருந்தாரு."

உன் அண்ணன் டப்பாவை ஒரு தடவை குலுக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார். "நெலம் பாக்க வந்த பழக்கத்துக்கா?"

இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் நோயைச் சொல்ல வந்த வாய், நீ எனக்கு யார் என்று சொல்ல வரவில்லை. "ஆமா," என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன மிகச் சின்னப் பொய் அதுதான். மற்ற பொய்களுக்கெல்லாம் கூச்சப்பட்டதே இல்லை, இதற்குப் படுகிறேன். அவர் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். தட்டு ஒன்று மற்றத் தட்டுகளோடு சேரும் சத்தம் கேட்டது. கேட்டதா, நானே சேர்த்துக்கொண்டதா, தெரியவில்லை.

இப்போது என் டப்பாவை மூலையில் போட்டுவிட்டு, உன் பையிலிருந்து வந்ததைத்தான் வைத்திருக்கிறேன். ஒரு நாளும் விடுவதில்லை. கிருமி தெரியவில்லை என்று போன சோதனையில் சொன்னார்கள். இது நிஜம். சீட்டு இருக்கிறது, ஏரோப்ளேன் மாதிரி இல்லை.

நீ என்னோடு வந்து நிற்பாயே, அந்த மாத்திரைக் கவுண்டரில் இருக்கும் அம்மா, தனியாகப் போன முதல் தடவையே கேட்டார். "கூட வருவாரே, அவரு எங்க?" உன்னைப் பற்றி என்னிடம் விசாரித்த ஒரே ஆள். டீக்கடைக்காரர்களை விட்டால், நம் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தவர்கள் உலகத்திலேயே அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். அங்கேயாவது நிஜத்தைச் சொல்லி உட்கார்ந்து அழுதிருக்கலாம். துபாய்க்குப் போய்விட்டான் என்று சொன்னேன். அவ்வளவு தூரம் சொல்லிவிட்டு சும்மா விட முடியுமா? பெரிய கம்பெனி, ஏ.சி. ரூம் என்றேன். அடுத்த தடவை உன்னை சூப்பர்வைசர் ஆக்கினேன். அதற்கடுத்த தடவை உனக்குக் கார் வாங்கிக்கொடுத்தேன். அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். நல்லாருக்கட்டும், நல்ல மனுசன் என்கிறார்.

போன தடவை மாத்திரையை எடுத்துவைத்துக்கொண்டே, "லீவுல எப்ப வர்றாரு?" என்று கேட்டார்.

பொங்கலுக்கு வருவான் என்று சொல்லிவிட்டேன், நைனா.