வாசனை ஆகாத அறை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இங்கே ஒரு வேடிக்கை. நீ காய்ச்சி அனுப்பிய எண்ணெயை ஆசையாகத் தலையில் தேய்த்துக்கொண்டு, ஞாபகமில்லாமல் அப்படியே எங்கள் கருத்தரிப்பு ஆய்வகத்துக்குப் போய்விட்டேன். டாக்டரம்மா வாசலிலேயே மடக்கிவிட்டார். "கருவுக்கு வாசனை ஆகாதுன்னு தெரிஞ்சுமா இப்படி வந்தே? போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வாம்மா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கவலைப்படாதே.

குளித்துவிட்டு வந்து, முந்தின நாள் விந்தணு சேர்த்த முட்டையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பல வருடமாகக் குழந்தைக்கு ஏங்கும் ஒரு தம்பதியுடையது. உள்ளே இரண்டு சின்ன வட்டங்கள் ஒட்டி நின்றன. ஒன்று தாயின் பங்கு, மற்றது தகப்பனின் பங்கு. "சேர்ந்துடுச்சு டாக்டர்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை குனிந்து பார்த்தேன்.

தகப்பன் தன் பங்கைக் கொடுப்பதோடு சரி. முதல் சில நாட்கள் கருவை வளர்ப்பது பெரும்பாலும் தாய் முட்டைக்குள் சேர்த்துவைத்ததுதான். படித்தபோது இது வெறும் பாடமாக இருந்தது. இன்றைக்கு, பயணம் கிளம்பும்போதெல்லாம் நீ கட்டித்தரும் பொட்டலம் நினைவுக்கு வந்தது. நான் உன் வயிற்றில் வருவேனா என்றே தெரியாதபோதே எனக்குச் சோறு கட்டி வைத்திருக்கிறாய். நன்றி அம்மா.

எண்ணெயை இனி லீவு நாளில் தேய்த்துக்கொள்கிறேன். உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, துவைக்காமல். என் அறையில்தான் இருக்கும். அங்கே முகர்ந்து பார்க்க என்னைத் தவிர யாருமில்லை.

பஸ் வந்துவிடும், கிளம்புகிறேன்.

உன் மகள்