முதலாளியின் பாதை

ஜூன் 2

என் அன்புக்குரியவருக்கு,

உங்கள் இருமல் குறைந்ததா? இங்கே ஒரே கூத்து. நம் நாய் முதலாளி, பதிமூன்று வயதில் திடீரென்று கூடத்திலேயே ஒன்றுக்குப் போக ஆரம்பித்துவிட்டார். குட்டியாக இருந்தபோதே பின்வாசல் கதவைப் பிராண்டிவிட்டுக் காத்திருந்தவர். லீவு முடிந்து நீங்கள் கிளம்பிய வாரத்திலிருந்துதான் இப்படி. உங்களைக் காணாத ஏக்கம் என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கு மட்டும் ஏக்கம் இல்லையா? நான் என்ன கூடத்திலா போகிறேன்?

உங்கள் தையல்காரி

ஜூன் 9

அன்புள்ள தையல்காரிக்கு,

படித்துச் சிரித்தேன், பிறகு வயிறு எரிந்தது. லீவின் கடைசி வாரம் முழுக்க முட்டி தேயக் குனிந்து போட்ட டைல்ஸ் அது. நீ அக்கா வீட்டிலிருந்து திரும்பும்போது கண்ணாடியாக மின்ன வேண்டும் என்று போட்டேன். ஊருக்கெல்லாம் தரை போடுகிறவன் வீட்டில் வெறும் சிமெண்டா என்று கேட்டவர்கள் வாயை அடைத்தேன். மூத்திரம் இடுக்கில் இறங்கினால் நாற்றம் போகாது. நாய்க்கு வயதாகிவிட்டது. டாக்டரிடம் சொல்லி ஊசி போட்டு ஒரேயடியாக அனுப்பிவிடு. பாவம் பார்க்காதே.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 17

வீட்டுக்காரருக்கு,

டாக்டரம்மாவிடம் போனேன், ஊசிக்கு அல்ல. மூத்திரத்தில் கோளாறு இல்லை, சர்க்கரை இல்லை. இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது. ஆனாலும் ஆஸ்பத்திரி வாசலில், சொரசொரப்பான தரையில், மாப்பிள்ளை மாதிரி நடந்தார். அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்து வீட்டுக்கே வந்து பார்த்தார். நம் கூடத்தில் முதலாளிக்கு நாலு காலும் நாலு பக்கம் விரிந்துகொண்டன. அடுத்த அடி வைக்கப் பயந்து அப்படியே நின்றார்.

"அவரு அடக்கிட்டுத்தாம்மா இருக்காரு. வழுக்காம கதவு வரைக்கும் போக முடியல, அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா.

எத்தனை தடவை திட்டியிருப்பேன். ஒரு தடவை அடித்தும்விட்டேன். அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது. கோபம் உங்கள் மேல்தான். என்னைக் கேட்டா போட்டீர்கள்? கழுவிவிட்டால் நானே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

சாக்கு விரித்தேன், சாக்கும் சேர்ந்து வழுக்கியது. உங்கள் பெட்டியைத் திறந்து உளியும் சுத்தியலும் எடுத்தேன். அவர் படுக்கிற மூலையிலிருந்து பின்வாசல் வரை, ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு, டைல்ஸைப் பெயர்த்துவிட்டேன். கீழே கலவை கரடுமுரடாக இருக்கிறது. பார்க்கச் சகிக்காது. ஆனால் அன்று மாலை முதலாளி தானாக எழுந்து போய்க் கதவைப் பிராண்டினார்.

தையல்காரி

ஜூன் 24

உனக்கு,

என் உளியை எடுத்து என் தரையிலேயே வைக்க உனக்கு எவ்வளவு திமிர்! நாலு பேர் பார்த்தால் என் தொழில் என்ன ஆகும்? அடுத்த லீவில் வந்து அதே டைல்ஸ் போடுவேன். அப்போது அந்த நாய் அங்கே இருக்கக் கூடாது. இருந்தால் வாசற்படி மிதிக்க மாட்டேன்.

ஜூலை 2

உங்களுக்கு,

சரி, மிதிக்காதீர்கள்.

முதலாளி இங்கேதான் இருப்பார். சாகிற வரை இருப்பார். அதே டைல்ஸ் போட்டால் மறுபடி பெயர்ப்பேன், கை பழகிவிட்டது. உளி இப்போது தையல் மிஷின் டிராயரில், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

முட்டி தேய்ந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு அந்தக் கூடத்தில் கால் விரிந்து, அடக்க முடியாமல் நிற்கப்போவது நீங்களோ நானோ. அப்போது யாருக்கு ஊசி போடச் சொல்வீர்கள்?

வர மனசிருந்தால் வாசற்படி வேண்டாம், பின்வாசல் வழியாக வாருங்கள். பூட்டவில்லை. அந்தப் பாதையில் நீங்களும் வழுக்காமல் நடக்கலாம்.

உங்கள் தையல்காரி