கொப்புளக் காலும் கோச் வேலையும்

ஞாயிறு, இரவு

ஊர் ஃபுட்பால் டீமுக்கு அப்பாவே கோச்சாக இருக்கட்டுமா, ஆளை மாற்றுவதா என்று டீம் கமிட்டிக்காரர்கள் இன்று அவர் இல்லாத நேரத்தில் எங்கள் டீக்கடையிலேயே உட்கார்ந்து பேசினார்கள். நான்தான் அவர்களுக்கு வடை எடுத்துக் கொடுத்தேன்.

"மூணு மேட்சும் தோத்தாச்சு. இன்னும் அவரை வச்சிருக்கணுமாவே?" என்றார் மணி அண்ணாச்சி.

"பைய பேசும்வே, அவரு மக நிக்கா" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"நிக்கட்டும். நேத்து பயலுவ ஓடவே இல்ல. என்னத்தச் சொல்லிக் குடுக்காரு?"

எப்படி ஓடுவார்கள்? ஜெயிக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு, மேட்சுக்கு முந்தின நாள்தான் திருச்செந்தூருக்கு வெறுங்காலோடு நடந்து போனார்கள். பாதமெல்லாம் கொப்புளம். "மேட்ச முடிச்சிட்டுப் போங்கலே" என்று அப்பா கெஞ்சினார். கேட்காமல் கூட்டிக்கொண்டு போனதே இந்த அண்ணாச்சிதான்.

இதையெல்லாம் அண்ணாச்சியிடமே சொல்லியிருக்க வேண்டும். "இன்னொரு வடை வைக்கவா?" என்றுதான் கேட்டேன். எனக்கே என் மேல் எரிச்சலாக வருகிறது.

நாளையிலிருந்து வேறு ஆள் என்று முடிவு செய்துவிட்டு எழுந்து போனார்கள். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. விடியுமுன் மைதானத்துக்குப் போக வேண்டும் என்று அலாரம் வைத்துவிட்டுத் தூங்குகிறார். எழுப்பிச் சொல்லலாம் என்று கட்டில் வரை போனேன். திரும்பி வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.