கட்டிலருகே வைத்த தட்டு

ஆடி 3, சனி

விடிந்ததிலிருந்தே காற்று. கிரிவலப் பாதை ஓரத்து மண் முழுக்க எங்கள் வீட்டில்தான். துவைத்த துணியெல்லாம் மறுபடி செம்மண். பள்ளம் தோண்டிப் போட்டுவிட்டுப் போனவன் வாயில் இந்த மண் விழ.

என் வீட்டுக்காரர் சேகருக்கு இருமல் ஜாஸ்தி. பாவம், ஆட்டோவையும் நிறுத்திவிட்டு வீட்டில் கிடக்கிறார். டி.பி. மாத்திரை தொடங்கி மாதக்கணக்காகிறது. சளியில் ஒரு தடவைகூட டி.பி. கிருமி அகப்படவில்லை. "எக்ஸ்ரேல நிழல் இருக்குதும்மா, சாப்புடட்டும்" என்கிறார் டாக்டர். நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவள் என்றால் சிரிக்கிறார். சிரிப்பாம்.

வாங்க: முகக்கவசம், கொசுவத்தி, உளுந்து.

ஆடி 4, ஞாயிறு

கல்லூரி லேபிலிருந்து அகார் தட்டுகள் கொண்டுவந்தேன். திறந்து வைத்தால் காற்றில் வரும் பாக்டீரியா, பூஞ்சை எல்லாம் விழுந்து வளரும். மாடியில் ஒன்று, வாசலில் ஒன்று, சேகர் கட்டிலருகே ஒன்று. காபி போட்டுவிட்டு வந்து பார்த்தால் மாடியிலும் வாசலிலும் மூடி போட்டிருக்கிறது! மாமியார் வேலை.

"தூசி வுழுதேன்னு மூடி வெச்சேன். இன்னாமா அது, ஜெல்லியா?"

தலையில் அடித்துக்கொண்டேன். மறுபடி புதுத் தட்டு வைத்துவிட்டு, அத்தைக்கு டிவி போட்டுக் கொடுத்தேன்.

ஆடி 7, புதன்

மாடித் தட்டு: கொஞ்சம் பாக்டீரியா, அங்கங்கே பூஞ்சை. வாசலும் அப்படியே. கட்டிலருகே வைத்ததில் இடமே இல்லை. பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. ரோட்டு மண்ணுக்கு இத்தனை நாள் விட்ட சாபம் வீண்.

கட்டிலுக்கு நேர் ஜன்னல். அதற்கு வெளியே கொல்லையில் மல்லாட்டைக் கொடிப் போர், கடலை பறித்தபின் மாட்டுத் தீவனத்துக்குக் குவித்தது. மழையில் நனைந்து உள்ளே கறுத்துக் கிடக்கிறது. அத்தை பிடுங்கும்போது தூசி நேரே உள்ளே வருகிறது என்று நினைத்தேன். ஜன்னலை விட்டு எட்டக் கொண்டுபோய் உதறச் சொன்னேன். தலையாட்டினார்.

டாக்டரிடம் தட்டின் போட்டோ. சிரிக்கவில்லை. சளியைப் பூஞ்சை டெஸ்டுக்கு அனுப்பினார். மாலை 4 மணிக்கு ஸ்டாஃப் மீட்டிங், போகவில்லை.

ஆடி 9, வெள்ளி

அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள் என்று அரை நாள் லீவு. வந்தால் கொல்லையில் சேகர்! போரில் கொடி பிடுங்கி உதறிக்கொண்டிருக்கிறார். முகக்கவசம் தாடையில்.

"எத்தன நாளா?"

"ஆட்டோ நிறுத்துனதுல இருந்து. நீ காலேஜ் போனப்புறம். ஆம்பள சும்மா ஒக்காந்து துன்னா நல்லாவா இருக்கு?"

ஓய்வெடுக்கட்டும் என்று வீட்டில் வைத்தோம். வைத்த இடத்திலேயே நோயை அள்ளி அள்ளி மூச்சில் விட்டுக்கொண்டிருக்கிறார். கத்தினேன்.

அத்தை கூழ்க் குண்டானோடு வந்து, "எனுக்கு முதுகு முடியலம்மா. மாடு பட்டினி கெடக்கணுமா?" என்றார். இருவரையும் சேர்த்துக் கத்தினேன். அம்மனுக்கே கேட்டிருக்கும்.

ஆடி 13, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. ரிசல்ட்: பூஞ்சைதான். டி.பி. மாத்திரையை நிறுத்தச் சொன்னார் டாக்டர். ஒரு வருத்தம்கூட இல்லை முகத்தில். வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், நாளைக்குப் போகணும். "இனி போர் பக்கம் போனா நுரையீரல் தாங்காது." சேகர் தலையாட்டினார். இந்த வீட்டில் எல்லோருக்கும் தலையாட்ட நன்றாக வரும்.

சாயங்காலம் மாடு கத்தியது. போருக்குப் பதிலாக நான் சொல்லிவைத்த புல்கட்டு வரவில்லை. அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அதற்குள் சேகர் செருப்பை மாட்டிவிட்டார்.

"ஒரு கை புடுங்கிப் போட்டுட்டு வந்துடறேன்."

சட்டையைப் பிடித்து இழுத்தேன். பித்தான் தெறித்தது.

"உடுடி. அம்மா பாக்குது."

பார்க்கட்டும். விடவில்லை.